அடுத்த அறைக்குப் போக அமெரிக்கா வழியா?



பதிவு நீளம். மணி அடித்த பிறகும் பத்து நிமிடம் பாடம் எடுப்பவன் நான் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அவசர வேலை இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். கூடத்தில் என் மேசைக் கணினி, உள் அறையில் வீட்டம்மாவின் லேப்டாப், மாடியில் பேத்தி படிக்கும் பழைய கணினி. மூன்றிலும் லினக்ஸ். கூடத்துக் கணினியில் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டர். மற்ற இரண்டிலும் அதைத் திறக்கலாம், படிக்கலாம், எழுதலாம். ‘நம் வீட்டுக் கணினிகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன’ என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

அதற்குக் கீழே 1998 செட் மாணவர் ஒருவர், இன்றைக்குப் பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர், இப்படி எழுதினார்: “சார், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? மாசம் பத்து டீ காசு குடுத்தா கிளவுட்ல வேணும்கிற இடம் கிடைக்கும். அடுத்த ரூமுக்கு ஒரு போட்டோ அனுப்பணும்னா மெசேஜ்ல தட்டிவிட்டா முடிஞ்சுது.” அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள். என் சொந்த மாப்பிள்ளையின் கட்டைவிரலும் அதில் ஒன்று.

அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. அதனால் தனிப் பதிவாகவே போடுகிறேன்.

கேட்டவர் 98 செட் என்பதால், 98 செட் படத்தின் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடப் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ என்னிடம் இல்லை. ஒரு மாணவர் வீட்டில் இருந்ததைக் கடன் வாங்கி, ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது அவர்கள் வீட்டு ஓடு பறந்து, ஆல்பம் முழுக்க நனைந்து ஒட்டிப்போய்விட்டது. ஆக என் ஸ்கேன்தான் மிச்சம்.

அந்த ஸ்கேனை நான் எங்கே வைத்திருந்தேன்? இங்கேதான் என் தப்பு. வீட்டம்மா தன் லேப்டாப்பில் பழைய படங்களைப் பார்க்க ஆசைப்பட்டாள். கூடத்திலிருந்து உள் அறைக்குப் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்க, நான் எல்லாப் படங்களையும் ஒரு பெரிய நிறுவனத்தின் இலவசக் கணக்கில் ஏற்றினேன். அவள் அங்கிருந்து பார்த்துக்கொண்டாள். ‘அதுதான் மேலே பத்திரமாக இருக்கிறதே’ என்று, டிஸ்க்கில் இடம் போதாதபோது கூடத்துக் கணினியில் இருந்ததை அழித்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த செட்டில் ஒருவன் போய்விட்டான். பெயர் சொல்லவில்லை, கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். நாலாம் நாள் அவன் அம்மா வந்தார்கள். “சார், பள்ளிக்கூடத்துல எடுத்த படம் உங்ககிட்ட இருக்குன்னு சொன்னாங்க. மூணாவது வரிசையில சிரிச்சிட்டு நிப்பான். காரியத்துக்குப் பெருசு பண்ணி வைக்கணும்” என்றார்கள். அந்த வயதில் அவர்களிடம் இருந்த படங்களும் புயலோடு போயிருந்தன.

கணக்கைத் திறந்தால் திறக்கவில்லை. ‘வழக்கத்துக்கு மாறான செயல்பாடு’ என்று பூட்டி வைத்திருந்தார்கள். என்ன செயல்பாடு என்று சொல்லவில்லை. எழுதிப் போட்டால் இயந்திரம் பதில் போட்டது. மறுபடி எழுதினால் அதே பதில் மறுபடி வந்தது. பேச ஒரு மனிதர் கிடைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் வாத்தியாராக இருந்து, நான்தான் அந்தப் படங்களுக்குச் சொந்தக்காரன் என்று நிரூபிக்க ஒரு பெட்டியில் டிக் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில், மெசேஜில் எப்போதோ நான் அனுப்பிய அதே படத்தை உங்களில் ஒருவர் தேடி எடுத்துக் கொடுத்தார். இப்போது கணக்கு. நான் ஸ்கேன் செய்தது 10 அங்குலத்துக்கு 8 அங்குலப் படம், அங்குலத்துக்கு 600 புள்ளி. 6000 பெருக்கல் 4800, ஆக 2 கோடியே 88 லட்சம் புள்ளிகள். மெசேஜில் போய்ச் சுருங்கி வந்தது 1280க்கு 1024, ஏறக்குறைய 13 லட்சம் புள்ளிகள். 22ல் 1 பங்கு. படத்தில் அவன் முகம் கால் அங்குலம். என் ஸ்கேனில் அது 150 புள்ளி அகலம். சுருங்கிய படத்தில் 32.

32 புள்ளியில் ஒரு பையன் சிரிப்பது தெரியாது. ஸ்டுடியோக்காரர் பெரிதாக்கிக் காட்டினார். முகம் இருந்த இடத்தில் கட்டம் கட்டமாக நிறம் இருந்தது. 

பதினாறாம் நாள் காரியம் ரேஷன் கார்டுப் படத்தை வைத்து முடிந்தது. என் கணக்கு பத்தொன்பதாம் நாள் தானாகத் திறந்தது. ஏன் பூட்டினார்கள், ஏன் திறந்தார்கள் என்பதை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

ஆகவே தம்பி, ‘இந்த வயசுல எதுக்கு’ என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

நான் கிளவுடுக்கு எதிரியில்லை. பாங்க் லாக்கருக்கும் எதிரியில்லை. ஆனால் தினமும் குழம்புக்கு எடுக்கும் கரண்டியை யாராவது லாக்கரில் வைப்பார்களா? வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வேண்டிய பொருள், வீட்டை விட்டு வெளியே போய், கடல் தாண்டி எங்கோ ஒரு கிடங்கில் பதிந்து, அவர்கள் கதவைத் திறந்தால்தான் உள்ளே வரும் என்றால், அதற்குப் பெயர் வசதியா? முதல் பிரதி நம் வீட்டில் இருக்கட்டும். வெளியே வைப்பது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கட்டும். நான் சொல்வது இவ்வளவுதான்.

காசையும் நேரத்தையும் பார்ப்போம். பேத்தியின் நாட்டிய அரங்கேற்ற வீடியோ 40 ஜிபி. நம் தெரு இணைய இணைப்பில் மேலே ஏற்றும் வேகம் நல்ல நாளில் நொடிக்கு 40 மெகாபிட், அதாவது 5 மெகாபைட். 40,000 வகுத்தல் 5, ஆக 8000 நொடி. 2 மணி 13 நிமிடம். அது ஏற்றுவதற்கு மட்டும். அடுத்த அறையில் இறக்குவது தனி. அதையே வீட்டு ரவுட்டர் வழியாகக் கம்பியில் அனுப்பினால் நொடிக்கு 100 மெகாபைட்டாவது போகும். 400 நொடி. ஒரு காபி ஆற்றிக் குடிக்கிற நேரம். இணையம் அறுந்து கிடந்தாலும் போகும், ஏனென்றால் அது இணையத்துக்கே போவதில்லை. ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும்.

“சரி சார், ஆனா லினக்ஸ்ல அது கஷ்டம்” என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. அந்தப் பாதிக்கு லினக்ஸ்காரர்களே காரணம். ஒருவரைக் கேட்டால் “என்எஃப்எஸ் போடுங்க, அதான் சுத்தம்” என்பார். இன்னொருவர் “சம்பா போடுங்க” என்பார். மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டுவார். கேட்டவன் கணினியை மூடிவிட்டு டிவி பார்க்கப் போவான். நான் மூன்றையும் செய்து பார்த்துவிட்டேன். வாத்தியார் முறையில் சொல்கிறேன்.

வீட்டுக்குள் நுழைய மூன்று வாசல்.

முதல் வாசல் எஸ்எஸ்எச். 1995ல் பின்லாந்தில் தாத்து யூலோனென் என்பவர் எழுதியது. அவருடைய பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அந்தக் கோபத்தில் பிறந்தது. கோப்பு வைத்திருக்கும் கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வர் என்ற ஒரே ஒரு பொதியை நிறுவினால் போதும். மற்றக் கணினியின் ஃபைல் மேனேஜரில் முகவரிக் கட்டத்தில் எஸ்எஃப்டிபி என்று தொடங்கி அந்தக் கணினியின் எண்ணைக் கொடுத்தால், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கொடுத்தால் ஃபோல்டர் திறக்கும். போகிற வழியெல்லாம் பூட்டிய உறையில் போகும். இரண்டு கணினியும் லினக்ஸ் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். பத்து நிமிட வேலை. பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். இதற்கு மேல் படிக்கவே வேண்டாம்.

இரண்டாவது வாசல் சம்பா. நம் டெல்டாக்காரர்களுக்குச் சம்பா என்றால் நெல்தான் ஞாபகம் வரும். இது வேறு. 1991 கடைசியில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற ஆராய்ச்சி மாணவர், கம்பியில் போகும் தகவல் பொட்டலங்களைக் கவனித்துப் பார்த்தே புரிந்துகொண்டு எழுதியது. விண்டோஸ் பேசும் அந்த மொழியின் பெயர் எஸ்எம்பி. அந்த மூன்று எழுத்தும் அதே வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடி எடுத்த பெயர்தான் சம்பா. வீட்டில் விண்டோஸ் கணினியோ ஸ்மார்ட் டிவியோ இருந்தால் இதுதான் வசதி. லினக்ஸ் மின்ட்டில் ஃபோல்டர் மேல் வலது கிளிக் செய்தே பகிரலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கணினிக்கு ஒரு கடவுச்சொல், சம்பாவுக்குத் தனியாக ஒரு கடவுச்சொல். அதைத் தனியாகக் கொடுக்காமல் ‘சரியான பாஸ்வேர்டுதானே போடுகிறேன்’ என்று நான் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டேன்.

மூன்றாவது என்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984ல் கொண்டுவந்தது. இதில் அடுத்த கணினியின் ஃபோல்டர் நம் கணினியின் சொந்த ஃபோல்டர் போலவே இருக்கும். வேகம், சுகம். ஆனால் இதில்தான் நான் மூன்று முறை விழுந்தேன். நீங்கள் விழாமலிருக்கச் சொல்கிறேன்.

விழுந்தது ஒன்று. எக்ஸ்போர்ட்ஸ் என்ற கோப்பில், யாருக்கு என்ன அனுமதி என்று ஒரு வரி எழுத வேண்டும். கணினியின் எண்ணை எழுதி, ஒட்டியபடி அடைப்புக்குறி போட்டு, உள்ளே அனுமதி. நான் எண்ணுக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே அழகுக்காக ஓர் இடைவெளி விட்டேன். அர்த்தமே மாறிவிட்டது. வீட்டம்மா லேப்டாப்புக்குப் படிக்க மட்டும் அனுமதி, கதவைத் தட்டும் மற்ற எல்லாருக்கும் எழுத அனுமதி! நம் தமிழய்யா ‘பலகை’யையும் ‘பல கை’யையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவாரே, அதே கதை. ஓர் இடைவெளியில் பலகை பல கையாகிவிட்டது.

விழுந்தது இரண்டு. சாதாரணமாக அமைத்த என்எஃப்எஸ் பெயரைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். வருகைப் பதிவேட்டில் பெயரை விட்டுவிட்டு வரிசை எண்ணை மட்டும் கூப்பிடும் வாத்தியார் போல. மின்ட், உபுண்டு இவற்றில் முதலில் சேர்க்கும் ஆளுக்கு எண் 1000. கூடத்துக் கணினியில் 1000 நான். உள் அறை லேப்டாப்பில் 1000 வீட்டம்மா. விளைவு, என் கோப்புகள் எல்லாம் அங்கே அவள் பெயரில் தெரிந்தன. “நாற்பது வருஷத்துல இப்பத்தான் ஒழுங்கா எம்பேர்ல எழுதி வச்சிருக்கீங்க” என்றாள். எல்லாக் கணினியிலும் ஒரே ஆளுக்கு ஒரே எண் கொடுத்த பிறகு சரியானது.

விழுந்தது மூன்று. லேப்டாப் எழும்போதே ஃபோல்டரை இணைக்கும்படி எழுதி வைத்தேன். கூடத்துக் கணினி அணைந்திருந்த ஒரு நாள், லேப்டாப் எழவே தயங்கியது. எழுந்தபின் ஃபைல் மேனேஜரும் உறைந்து நின்றது. ‘நோஃபெயில்’ என்ற ஒரு சொல்லும், தேவைப்படும்போது மட்டும் இணைக்கச் சொல்லும் ஒரு விருப்பமும் சேர்த்ததும் தீர்ந்தது. இதோடு, கூடத்துக் கணினியின் எண் நாளுக்கொன்றாக மாறாமல் 192.168.1.20 என்றே இருக்கும்படி ரவுட்டரில் ஒதுக்கி வைத்தேன்.

ஆக மொத்தம் இரண்டு சாயங்காலம். கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதுகிற வேலையைவிடக் குறைவு.

அடுத்து, உங்களில் சிலர் நல்லெண்ணத்தில் கொடுத்த ஆலோசனைகள். இங்கே கொஞ்சம் கோபமாகவே பேசுவேன்.

“சார், பர்மிஷன் பிரச்சினையா? 777 போட்டுடுங்க.” 777 என்றால் என்ன என்று தெரிந்தா சொன்னீர்கள்? சொந்தக்காரன், குழு, ஊரார் மூன்று பேருக்கும் படிக்க, எழுத, இயக்க முழு உரிமை. சாவி தொலைந்தது என்றால் கதவைக் கழற்றி வை என்பது போல. “ஃபயர்வாலை ஆஃப் பண்ணிடுங்க சார்” என்பதும் அதே ஜாதி. அணைக்கத் தேவையில்லை. எஸ்எஸ்எச்சுக்கு 22, சம்பாவுக்கு 445, என்எஃப்எஸ்சின் நாலாம் பதிப்புக்கு 2049. எந்த வாசல் தேவையோ அந்த எண்ணை மட்டும், நம் வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் திறந்தால் போதும்.

மூன்றாவது ஆலோசனைதான் மோசம். “ரவுட்டர்ல போர்ட் திறந்துவிட்டா வெளியூர்ல இருந்தும் பாக்கலாம் சார்.” கூடாது. 2017 மே மாதம் வானாகிரை என்ற நாசகார நிரல் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிக் கணினிகளைக்கூடப் பூட்டிப் பணம் கேட்டதே, அது பரவிய வழி விண்டோஸின் பழைய எஸ்எம்பியில் இருந்த ஓட்டை. கோப்புப் பகிர்வு வாசல் வீட்டுக்குள் மட்டும் திறக்க வேண்டிய வாசல். கொல்லைக் கதவைத் தெருவில் வைக்காதீர்கள். விருந்தாளிகளுக்கு வைஃபை கொடுப்பதானால் ரவுட்டரில் விருந்தினர் இணைப்பு என்று தனியாக இருக்கிறது, அதைக் கொடுங்கள்.

இப்படிப் பேசுகிற எனக்கும் ஒரு குற்றவுணர்வு உண்டு. 2011ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. அதில் விண்டோசோடு, நம் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. நம் பள்ளிக்கு வந்த பெட்டிகளைப் பிரித்த வாரத்திலேயே பையன்கள் அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் சினிமாப் படம் ஏற்றினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே அப்போது அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ஒரு வகுப்பறையில் நாற்பது லேப்டாப். ஒன்றோடொன்று இணைத்து, ஒரே கோப்பை நாற்பது பேரும் திறக்கச் செய்திருந்தால், நெட்வொர்க் என்றால் என்ன என்று ஒரு தலைமுறைக்கே ஒரு மத்தியானத்தில் புரிந்திருக்கும். அந்தப் பாடத்தை நான் எடுக்கவில்லை. இப்போது எடுக்கிறேன், தாமதத்துக்கு மன்னியுங்கள்.

இன்றைக்கு இது அவசியமும்கூட. 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. உங்கள் வீடுகளில் விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினி ஒன்று பரணில் கிடக்கும். எடைக்குப் போடாதீர்கள். லினக்ஸ் ஏற்றுங்கள், ஒரு டிஸ்க் போடுங்கள், அதுவே வீட்டின் பொது அலமாரி.

நியாயமான ஒரு கேள்வியை மாப்பிள்ளை போனில் கேட்டார்: “மாமா, அந்தக் கூடத்துக் கணினியே போயிட்டா?” நல்ல கேள்வி. பகிர்வது வேறு, பிரதி எடுப்பது வேறு. ஒரே ஃபோல்டரை மூன்று கணினியில் பார்ப்பதால் அது மூன்று பிரதி ஆகாது. ஒருவர் அழித்தால் எல்லாருக்கும் அழியும். அதனால் தினமும் ராத்திரி ஆர்சிங்க் என்ற நிரல் ‘பொது’ ஃபோல்டரை மாடிக் கணினிக்கு நகல் எடுக்கிறது. மாறியதை மட்டும் எடுக்கும் கெட்டிக்கார நிரல், 1996ல் அதே டிரிட்ஜெலும் பால் மெக்கராசும் எழுதியது. இங்கே அழித்ததை அங்கேயும் அழிக்கச் சொல்லும் விருப்பத்தை நான் போடவில்லை. மாதம் ஒரு முறை ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்துக் கும்பகோணத்தில் தங்கை வீட்டு பீரோவில் வைக்கிறேன். இன்னொரு புயல் வந்தாலும் இரண்டு ஊரையும் சேர்த்து அடிக்காது என்று நம்பிக்கை. அதற்குப் பிறகும் மனசு கேட்காவிட்டால், கிளவுடிலும் ஒரு பிரதி போட்டுக்கொள்ளுங்கள். நானும் போட்டிருக்கிறேன். அவர்கள் நாளைக்குப் பூட்டினால் எனக்குத் தூக்கம் கெடாது.

கணக்கு திறந்த அன்றே முதல் வேலையாக அந்தப் படத்தை இறக்கினேன். ஸ்டுடியோவில் கொடுத்து, மூன்றாவது வரிசையிலிருந்து அவனை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார்கள். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தார்கள். “அன்னைக்கு இது இருந்திருக்கலாம் சார்” என்றார்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. காபி போட்டுக் கொடுத்தார்கள். அதைக் குடிப்பதற்குள் எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

ஆகவே, வீட்டுப்பாடம். இந்தப் பொங்கல் லீவுக்கு ஊருக்கு வரும்போது, உங்கள் அப்பா அம்மா போனிலும் பழைய கணினியிலும் கிடக்கும் படங்களை, சுருங்காத மூலப் பிரதியாக, ஒரே இடத்தில் சேருங்கள். முதல் வாசலை மட்டுமாவது திறந்து வையுங்கள். கட்டளைகளை வரிவரியாக எழுதி வைத்திருக்கிறேன், கேட்பவர்களுக்கு அனுப்புகிறேன். நேரில் வந்தால் உட்கார்ந்தே செய்து கொடுக்கிறேன்; ஃபீஸ் கிடையாது, வீட்டம்மா கையால் சுண்டல் உண்டு. 1998 செட்டின் பெரிய பதவிக்காரர் கட்டாயம் வர வேண்டும். உங்கள் படமும் என்னிடம் இருக்கிறது தம்பி. இரண்டாவது வரிசை, இடமிருந்து நாலாவது, கண்ணை மூடிக்கொண்டு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்